நாற்பதுக்கு மேல் பனிப்பலகை: எந்த மலைக்குப் போவது?

ஸ்னோபோர்டு என்கிற விளையாட்டு என்னைவிட வயதில் சின்னது. கபடியும் பம்பரமும் எப்போது பிறந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு மட்டும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற ஒரு பிறந்த தேதி, ஒரு ஊர், தகப்பன் பெயர் மூன்றும் இருக்கின்றன. 1965 டிசம்பர் 25. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பெரிய ஏரிக்கரையில் உள்ள மஸ்கீகன் என்ற ஊர். தகப்பன் பெயர் ஷெர்மன் பாப்பன். அந்த வருட ஆரம்பத்தில்தான் நம் ஊரில் மொழிப் போராட்டம் நடந்தது. டிசம்பரில் நான் பொன்மலையில் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன்.

திருச்சிக்காரனுக்குப் பனிமலை எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறாள். பல் மருத்துவர். வயது 43. மாப்பிள்ளைக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஸ்கீ பழக்கம். பேரனுக்கு 11 வயது. அவன் ஸ்கீ வேண்டாம், பலகைதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கற்றுக்கொண்டுவிட்டான். சனிக்கிழமையானால் அப்பாவும் பிள்ளையும் மலைக்குப் போய்விடுவார்கள். இவள் அடிவாரத்துக் கட்டடத்தில் காபிக் கோப்பையோடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னும் நாலு வருஷம் போனா அவன் என்னோட எங்கயும் வர மாட்டான்ப்பா. அதுக்குள்ள நானும் கத்துக்கறேன்" என்றாள். "இந்த வயசுல எதுக்குடி இதெல்லாம்?" என்றாள் என் மனைவி.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி பெயர்பெற்ற பெரிய மலை ஒன்றுக்குப் போய் (எது என்பது வேண்டாம்) முதல் நாளே மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு ஆறு வாரம் வேலைக்கு வரவில்லை. பல் மருத்துவருக்கு மணிக்கட்டுதான் பிழைப்பு. "எந்த மலைன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா, எதையும் நோண்டாம விடமாட்டீங்களே" என்று என்னிடம் விட்டுவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எந்த மலை என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்கீ என்பது காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பட்டைகள். கையில் இரண்டு கோல்கள். முகம் பள்ளத்தைப் பார்த்திருக்கும். ஸ்னோபோர்டு ஒரே பலகை. இரண்டு காலையும் அதில் பூட்டிவிடுவார்கள். கையில் கோல் கிடையாது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்றுகொண்டு, குதிகால் பக்க விளிம்பையோ விரல் பக்க விளிம்பையோ பனியில் அழுத்தித் திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். ஸ்கீ ஆரம்பத்தில் சுலபம், போகப் போகக் கஷ்டம். பலகை முதல் இரண்டு மூன்று நாள் கஷ்டம், பிறகு சுலபம் என்று அங்கே சொல்வார்கள். அந்த முதல் மூன்று நாளை எங்கே கழிப்பது என்பதுதான் மகளின் கேள்வி.

பாப்பன் கதைக்கு வருவோம். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று தன் பெண் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட, இரண்டு ஸ்கீ பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் குறுக்குக் கட்டை அடித்துக் கொடுத்தார். குழந்தைகள் அதன்மேல் நின்று வீட்டுப் பின்பக்க மேட்டிலிருந்து சறுக்கினார்கள். பனி என்பதற்கான ஸ்னோவையும் அலைச்சறுக்கு என்பதற்கான சர்ஃபையும் சேர்த்து அவர் மனைவி நான்சி வைத்த பெயர் ஸ்னர்ஃபர். அடுத்த வருடமே பாப்பன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பௌலிங் பந்துகள் செய்யும் பிரன்ஸ்விக் கம்பெனி அதைத் தயாரித்து விற்றது. முனையில் ஒரு கயிறு. காலைப் பூட்ட எதுவும் கிடையாது. லட்சக்கணக்கில் விற்றது, ஆனால் பொம்மைக் கடையில். இதற்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் டாம் சிம்ஸ் என்ற பையன் 1963இல் பள்ளித் தச்சு வகுப்பில் இதே மாதிரி ஒரு பலகை செய்திருக்கிறான். ஆனால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது ஸ்னர்ஃபர்தான்.

ஸ்னர்ஃபர் வைத்திருந்த பையன்களில் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர். நியூயார்க்கில் படித்து, சிறிது காலம் அங்கே வேலை பார்த்து, 1977இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெர்மான்ட் மாநிலத்தில் லண்டன்டெரி என்ற சிற்றூருக்குப் போய்ப் பலகை செய்ய ஆரம்பித்தார். நூற்றுக்கும் மேலான மாதிரிகளைச் செய்து பார்த்தாராம். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குக் காலைப் பூட்டும் பட்டை வைத்த தன் பலகையோடு போனார். இது ஸ்னர்ஃபரே இல்லை என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். கடைசியில் அவருக்காகவே தனிப் பிரிவு ஒன்று வைத்தார்கள். அதில் அவர் ஜெயித்தார்.

பலகை வந்துவிட்டது. மலை? அங்கேதான் சிக்கல். பனிமலை என்றால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று நாம் நினைப்போம். மலை ஏறுவதற்கு லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் ஒருவருடைய சொத்து. அந்த லிஃப்ட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம் இலாகாவும் வருகிறது.

1934 ஜனவரியில் வெர்மான்ட்டில் உட்ஸ்டாக் என்ற ஊரில் ஒரு விவசாயியின் மேய்ச்சல் மேட்டில் பழைய ஃபோர்டு மாடல் டி எஞ்சினை வைத்துக் கயிறு ஓட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துப் போகும். அமெரிக்காவின் முதல் இழுகயிறு அதுதான். இரண்டு வருடம் கழித்து யூனியன் பசிஃபிக் ரயில்வே களத்தில் இறங்கியது. குளிர்காலத்தில் ரயிலில் கூட்டம் குறைவு. பனிச்சறுக்கு விடுதி ஒன்று கட்டினால் டிக்கெட் விற்கும் என்று அதன் தலைவர் ஆவரல் ஹாரிமன் கணக்குப் போட்டார். இடம் தேட ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ச் என்ற ஆஸ்திரியப் பிரபுவை அனுப்பினார். அவர் மேற்கு மாநிலங்களில் மலை மலையாகச் சுற்றினார். ஓரிடத்தில் உயரம் அதிகம், இன்னோரிடத்தில் காற்று அதிகம், வேறொன்று ரயில் பாதைக்குத் தூரம் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் கெட்சம் என்ற ஊரைப் பிடித்தார். அதுதான் சன் வேலி. ரிசார்ட் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு அந்தப் பிரபுதான் முன்னோடி.

அந்த ரயில்வேயின் ஒமாஹா அலுவலகத்தில் ஜேம்ஸ் கர்ரன் என்று ஒரு பொறியாளர். அதற்குமுன் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்ற கொக்கி மாட்டிய ஓடும் கம்பி வடம் அமைத்தவர். வாழைத்தார் தொங்கிய இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டால் மனிதன் ஏற மாட்டானா என்று யோசித்தார். ஒமாஹாவில் பனி இல்லாத பருவத்தில் லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, சக்கரக் காலணி போட்ட ஆட்களை நிற்க வைத்து, எந்த வேகத்தில் நாற்காலி வந்து தூக்கினால் ஆள் விழமாட்டான் என்று சோதித்தார்கள். 1936 டிசம்பரில் சன் வேலியில் ஓடியதுதான் உலகத்தின் முதல் நாற்காலி லிஃப்ட். பொன்மலைப் பணிமனையில் 34 வருடம் இருந்தவனுக்கு இதைப் படித்ததில் எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குப் புரியும்.

இப்படி வளர்ந்த பனிமலைகளுக்கு வசதியுள்ள குடும்பங்கள் வந்தன. 1970களின் கடைசியில் அங்கே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களோ பெரும்பாலும் வாலிபப் பையன்கள், தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டியவர்கள். மலைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். இன்ஷூரன்ஸ் ஒரு காரணம்: இந்தப் பலகை யார் மேலாவது மோதினால் யார் பதில் சொல்வது? பக்கவாட்டில் நிற்பவனுக்கு முதுகுப்பக்கம் வருகிற ஆள் தெரியாது என்பது இன்னொரு காரணம். இவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பது எழுதப்படாத காரணம். பலகைக்காரர்கள் மலையை நடந்தே ஏறினார்கள். லிஃப்ட் நின்ற பிறகு இருட்டில் இறங்கினார்கள்.

மாற்றம் அதே உட்ஸ்டாக் ஊருக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 1982இல் அங்கே சூசைட் சிக்ஸ் என்ற மலையில் பலகைகளுக்கான தேசியப் போட்டி நடந்தது. (அந்த மலை இப்போது பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது.) அடுத்த வருடம், லண்டன்டெரிக்கு அருகிலேயே உள்ள ஸ்ட்ராட்டன் மலை பலகைகளை லிஃப்ட்டில் ஏற அனுமதித்தது. பெரிய ரிசார்ட்டுகளில் முதலில் கதவைத் திறந்தவற்றில் அது ஒன்று. பலகைக்குப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாடும் அங்கே சீக்கிரமே வந்தது. அந்த நாட்களில் பல மலைகளில் பலகைக்காரர்கள் ஒரு பரீட்சை எழுதாத குறைதான். சொன்ன இடத்தில் நிறுத்திக் காட்டு, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டு என்று சோதித்து, தேறினால்தான் அட்டை கொடுப்பார்கள். 1980களின் நடுவில்கூட அமெரிக்க மலைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவைதான் பலகையை ஏற்றன. 1985இல் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் ரோஜர் மூர் பலகையில் சறுக்கித் தப்பிப்பார், நினைவிருக்கிறதா? அவருக்குப் பதிலாகச் சறுக்கியது, மேலே சொன்ன தச்சு வகுப்புப் பையன் டாம் சிம்ஸ்தான். சினிமாவில் இடம் கிடைத்தபோதுகூடப் பெரும்பாலான மலைகளில் இடம் கிடைக்கவில்லை.

பிறகு பணம் பேசியது. ஸ்கீக்கு வரும் கூட்டம் வளராமல் நின்றது. பலகைக்கு வரும் கூட்டம் பெருகியது. மலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1998இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் பலகை சேர்ந்தது. முதல் தங்கம் வாங்கிய கனடாக்காரர் ராஸ் ரெபக்லியாட்டியின் உடலில் கஞ்சா இருந்தது என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அது தடைசெய்த பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்ததும் சில நாட்களில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆஸ்பென் மலை 2001 ஏப்ரல் 1 அன்றுதான் பலகையை அனுமதித்தது. நியூ மெக்சிகோவின் தாவோஸ் 2008இல் அனுமதித்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் மூன்று இடங்கள் அனுமதிப்பதில்லை: யூட்டாவில் ஆல்டா, டீர் வேலி; வெர்மான்ட்டில் மேட் ரிவர் கிளென். மேட் ரிவர் கிளென் 1995 முதல் சறுக்குகிறவர்களே பங்குதாரர்களாக நடத்தும் கூட்டுறவுச் சங்கம். ஆல்டா மீது 2014இல் பலகைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மலை அரசு வனநிலத்தில் இருக்கிறது, அரசு நிலத்தில் ஒரு சாராரைத் தடுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். தடை போட்டது தனியார் கம்பெனி, அரசு அல்ல என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2016இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்புதான்.

ஆகவே, மலை தேடுகிறவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம்: பலகையை விடுவார்களா? வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் மாப்பிள்ளை ஸ்கீ, மகளும் பேரனும் பலகை என்றிருக்கும் குடும்பம் யூட்டா பக்கம் போய் அறை எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் வேடிக்கையாக இருக்காது.

இரண்டாவது, பெயரைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். ஆஸ்பென் என்றால் உலகமே அறியும். ஆனால் ஆஸ்பென் மலையில் தொடக்கக்காரர்களுக்கான பாதை ஒன்றுகூடக் கிடையாது. இதை அந்த ஊர்க்காரர்களே உணர்ந்துதான், ஃப்ரீடல் ஃபைஃபர் என்ற ஆஸ்திரிய ஆசிரியர் 1958இல் பக்கத்திலேயே பட்டர்மில்க் என்ற சாதுவான மலையைக் கற்றுக்கொள்கிறவர்களுக்காகத் திறந்தார். மோர் என்று ஒரு மலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பிடித்துப்போனது. நான்கு மலை உள்ள ஊரில் எந்த மலைக்கு டிக்கெட் வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது, பலகைகளில் உள்ள குறிகள். அமெரிக்காவில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். 1960களில் டிஸ்னி நிறுவனம் கலிஃபோர்னியாவில் மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு ரிசார்ட் கட்டத் திட்டம் போட்டது. அதற்காக எந்த வடிவம் எந்த உணர்ச்சியைத் தருகிறது என்று ஆராய்ந்து உருவாக்கிய குறிகளை, பனிமலைகளின் தேசியச் சங்கம் 1968இல் எடுத்துக்கொண்டது என்பார்கள். இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்ததில் ரிசார்ட் வரவேயில்லை. அந்தப் பள்ளத்தாக்கு 1978இல் தேசியப் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. குறிகள் மட்டும் எஞ்சின. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் குறிகள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுச் சொல்பவை. நம் பள்ளிக்கூடத்து முதல் ரேங்க் மாதிரி. ஒரு மலையின் பச்சை இன்னொரு மலையின் நீலமாக இருக்கும். பேரன் ஏறிய மலையில் பச்சைப் பாதையைப் பார்த்துவிட்டு, எல்லா ஊரிலும் பச்சை அப்படித்தான் என்று மகள் நினைத்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

நான்காவது, ஏறும் வழி. இழுகயிறும், இரண்டு காலுக்கு நடுவே கட்டையை வைத்து இழுக்கும் லிஃப்ட்டும் ஸ்கீக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. பக்கவாட்டில் நிற்பவரை அவை முறுக்கித் தள்ளும். நாற்காலி லிஃப்ட்டிலும் இறங்கும் இடத்தில் ஒரு கால் பூட்டியும் ஒரு கால் விடுபட்டும் சறுக்கி இறங்க வேண்டும்; புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். 1990களிலிருந்து பரவிய தரைக் கன்வேயர், அதாவது விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டை மாதிரி நம்மை நிற்க வைத்தே மேலே கொண்டுபோவது, வயதில் பெரிய தொடக்கக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். அது இருக்கிறதா, அந்தக் கற்கும் இடம் வேலி போட்டுத் தனியாக இருக்கிறதா, மேலிருந்து வேகமாக வருகிறவர்கள் அதன் ஊடே புகுந்து போவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீளமான சமதளப் பாதை உள்ள மலையும் வேண்டாம். ஸ்கீக்காரர் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். பலகைக்காரர் நின்றுபோய், ஒரு காலைக் கழற்றி நொண்டி அடிக்க வேண்டும்.

ஐந்தாவது, உயரமும் பனியும். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் ரிசார்ட்டில் அடிவாரமே 9,600 அடி. நம் தொட்டபெட்டா உச்சி 8,652 அடிதான். கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் போய் இறங்கி மறுநாள் காலை பாடத்துக்கு நின்றால், தலைவலியும் மூச்சு வாங்கலும் பலருக்கு வரும். ஒன்றிரண்டு நாள் சும்மா இருந்து பழக வேண்டும். ஆனால் அங்கே பனி மெத்தை மாதிரி. பாஸ்டன் பக்கம் உயரத் தொல்லை இல்லை. பனிதான் சில நாள் சிமெண்ட் தரை. 1950இல் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில்தான் பனி பொழியும் இயந்திரத்தையே கண்டுபிடித்தார்கள், வானத்தை நம்பி அங்கே கடை நடத்த முடியாது என்பதால். இரவு உறைந்த பனி காலையில் கல். பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். ஜனவரியைவிட மார்ச் மாதத்துப் பனி விழுகிறவருக்கு இதமானது.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் பெங்களூரில் இருப்பவர்கள் குல்மார்க் போகிறார்கள். 1927இல் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் அங்கே ஸ்கீ சங்கம் தொடங்கினார்கள். மத்திய அரசின் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் 1968 முதல் இருக்கிறது. ரோப் காரின் முதல் கட்டம் 1998இல், இரண்டாம் கட்டம் 2005இல் வந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் கீழ்ச் சரிவோடு நிற்க வேண்டும். இரண்டாம் கட்டத்தின் உச்சி ஏறக்குறைய 13,000 அடி. அங்கே பாதை சமன்செய்யப்படாதது, பனிச்சரிவு அபாயம் உள்ளது. ரோப் காரில் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று பலகையோடு ஏறுவது ஆபத்து.

கடைசியாக உடம்பு. குழந்தை விழுந்தால் இரண்டடி உயரத்திலிருந்து விழுகிறது. நாம் விழுந்தால் ஐந்தரை அடி. இரண்டு காலும் பூட்டியிருப்பதால் ஒரு காலை முன்னே வைத்துச் சமாளிக்க முடியாது. கை தானாகவே தரையை நோக்கிப் போகும். அதனால்தான் பலகை பழகுகிறவர்களுக்கு மணிக்கட்டு அதிகம் ஒடிகிறது, அதுவும் ஆரம்ப நாட்களில். மணிக்கட்டுக் காப்பு போட்டால் அந்த ஆபத்து குறைகிறது. தலைக்கவசம் கட்டாயம். பின்பக்கம் விழும்போது வால் எலும்பு அடிபடாமல் இருக்க மெத்தை வைத்த உள் கால்சட்டையும் விற்கிறார்கள். கற்றுத்தருகிறவர் முக்கியம்: பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு வேண்டும். பதினைந்து வயதுப் பையன்களோடு சேர்த்து நிறுத்தினால் நம்மவர்கள் வெட்கத்தில் அவசரப்படுவார்கள். விளிம்பு பனியில் சட்டென்று மாட்டாதபடி செய்த தொடக்கக்காரர் பலகைகள் உண்டு. வாடகைக் கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஆறு மலைகளுக்கு மதிப்பெண் போட்டு மகளிடம் கொடுத்தேன். ரயில்வே டெண்டர் மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளை சிரித்தார். அதிக மதிப்பெண் வாங்கியது வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள வச்சூசெட். உச்சியே 2,006 அடிதான். நம் திருமலையைவிடத் தாழ்வு. யாரும் போட்டோ போட்டுப் பெருமையடிக்கிற மலை இல்லை. ஆனால் கற்கும் சரிவு இருக்கிறது, செயற்கைப் பனி இருக்கிறது, இரவில் விளக்குப் போட்டு ஓட்டுகிறார்கள். வாரநாள் சாயங்காலம் கிளினிக் முடிந்ததும் போய் வரலாம். தொடக்கக்காரருக்கு ஒரே வாரத்தில் ஐந்து நாள் தொடர்ந்து விழுவதைவிட, வாரம் ஒருநாள் வீதம் விழுந்து, நடுவில் உடம்பு ஆறுவது நல்லது. பெரிய மலைக்கு விமானத்தில் போய் அறை எடுத்துவிட்டால், கொடுத்த காசுக்காக வலியோடு ஏறச் சொல்லும் மனது.

முதல் இரண்டு வாரம் அவள் குதிகால் விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நழுவி இறங்கியதோடு சரி. அதற்கு அங்கே விழும் இலை என்று பெயர். மூன்றாவது வாரம் ஒரு திருப்பம் வந்தது, அதுவும் தற்செயலாக என்றாள். ஐந்தாவது வாரம் பேரன் அவளோடு பச்சைப் பாதையில் இறங்கினான். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, "முழங்காலை மடக்கு அம்மா" என்று கத்தினானாம். மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் நோயாளியைப் பார்த்தாள். என் மனைவி அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பாப்பனும் பர்ட்டன் கார்ப்பெண்டரும் ஒரே வருடத்தில், 2019இல், சில மாத இடைவெளியில் காலமானார்கள். பாப்பனுக்கு 89, பர்ட்டனுக்கு 65. குழந்தைகளுக்குப் பொம்மை செய்து கொடுத்த பாப்பன், காலைப் பூட்டிய இன்றைய பலகையில் சறுக்கக் கற்றுக்கொண்டது அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான், கொலராடோவில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில். இதை மகளிடம் சொன்னேன். "அப்ப உங்களுக்கும் ஒரு பலகை வாடகைக்கு எடுக்கட்டுமாப்பா?" என்றாள். அதற்கு என் மனைவிதான் பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.